கண்ணாடியில் நான் முடுக்கிய ஸ்குரு

செல்வம்,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்த டிரைவரை முதலில் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடு. நீ கேட்ட சாமான்கள் எல்லாம் அவர் லாரியில்தான் இருக்கின்றன. ஆனால் இதைப் படித்து முடிக்காமல் எதையும் இறக்காதே. அவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன், அரை மணி நேரம் பொறுப்பார். கடிதம் நீளம்தான். மூன்று தடவை எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன் எழுதுகிற கடிதம் வேறு எப்படி இருக்கும்? விடை தெரிந்தவன் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டுப் போவான், என்னைப் போன்றவன்தான் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்பான். எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் கதையை நீ நேரில் வரும்போது அவள் வாயாலேயே கேட்டுக்கொள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். திருச்சியில் சொந்த வீடு, அதில் பிள்ளைகளுக்கென்று தனி அறை. கேட்கவே நிறைவாக இருந்தது. குமரனுக்கு உன்னுடைய பழைய மேசையும் விளக்கும், தேன்மொழிக்கு அக்காவின் கண்ணாடி மேசை, அறையின் சுவரில் பாதி நீலம், பாதி ரோஸ் என்று எழுதியிருந்தாய். "அன்று குவார்ட்டர்ஸில் நூல் பிடித்து அடித்தீர்களே, அதேபோல நீங்களே வந்து அடித்துத் தரவேண்டும்" என்றும் கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை. நான் செய்த ஒரு வேலையை இன்னொரு தடவை செய்து தரச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கே பெட்டியைக் குடைந்து நூலையும் நீலப் பொடி டப்பாவையும் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றரை வயசு குமரன் பென்சிலைக் கையில் கொடுத்தால் தின்கிறான், நாலு வயசு தேன்மொழி தரையில் குப்புறப் படுத்து 'அ'னாவும் 'ஆ'வன்னாவும் எழுதுகிறாள், பென்சில் தின்கிறவனுக்கு மேசையும் எழுதுகிறவளுக்குக் கண்ணாடியுமா என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எனக்கு எதுவும் உடனே தோன்றியதில்லை. அதை உன் அம்மா கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த அறை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. உனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினொன்று. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு புது எஞ்ஜினியர் வந்திருந்தார். அவர் பங்களாவுக்கு மின்விசிறி ஒன்று சுரங்கத்து ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். விசிறி மாட்டவேண்டியது பிள்ளைகளின் அறை. அப்படி ஓர் அறை இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நம் வீட்டில் பிள்ளைகள் பாய் விரித்த இடம்தான் பிள்ளைகள் அறை. அங்கே ஒரு பாதி நீலம், ஆகாய விமானப் படம், ஜன்னலோரம் மேசை, உலக உருண்டை. மறுபாதி ரோஸ், சுருக்கம் வைத்த திரைச்சீலை, கண்ணாடி, வரிசையாகப் பொம்மைகள். "இது பையன் சைடு, அது பொண்ணு சைடு" என்று அந்த அம்மாள் எனக்கு விளக்கினார். ஏணி மேல் நின்றபடி கேட்டுக்கொண்டேன். எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் அழகு இல்லை. நான் ஸ்டோர்காரன். நட்டுக்கு ஒரு தட்டு, போல்ட்டுக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தகரச் சீட்டு, எது எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வீட்டையும் இப்படி அடுக்கலாம் என்று எவரும் எனக்குச் சொன்னதில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்த மாதமே கம்ப்ரஸர் ஒன்று பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டிப் பலகையை முறையாகக் கேட்டு, கேட் பாஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆசாரி ஒரே பெட்டியிலிருந்து உனக்கு ஒரு மேசை, அக்காவுக்கு ஒரு கண்ணாடி மேசை இழைத்தார். அக்காவினுடையதில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கண்ணாடி, மேலும் கீழும் சாய்கிற மாதிரி. இயந்திரத்துக்கு அடிக்கிற நீலத்தில் மிச்சம் இருந்தது. அபாயப் பலகைக்கு அடிக்கிற சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் ரோஸ் வந்தது. கொஞ்சம் ஈறு நிறத்தில் வந்தது, ஆனாலும் ரோஸ்தான். சுவரில் நூல் பிடித்து நடுக்கோடு போட்டேன். உன் பக்கம் ஜன்னல் வந்தது. தற்செயலாக வரவில்லை. பெண் பிள்ளை தெரு பார்க்க உட்காரக்கூடாது என்று நினைத்தே கோட்டை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டேன். கடைசியில் தகரச் சீட்டு வெட்டி, பெயர் எழுதி, மேசையிலும் அலமாரித் தட்டிலும் அறைந்தேன். உன் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, ஸ்டோரு பத்தலன்னு வூட்டுலயும் ஒண்ணு தொறந்துட்டீங்களா?"

"ஒழுங்கு வேணும்ல. அதது அதது எடத்துல இருக்கணும்."

"சரி, எனக்கும் ஒரு சீட்டு வெட்டி அடுப்பாண்ட அடிச்சிருங்க. நான் பாட்டுக்கு எடம் மாறி நின்னுடப்போறேன்."

அவள் கேலி செய்கிறாள் என்று தெரிந்தது. எதைக் கேலி செய்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

மிச்சச் சாமானுக்குப் பெரம்பலூர் போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் லப்பைக்குடிக்காட்டுக் காதர் பாய் வைத்திருந்த ஃபேன்சி ஸ்டோர் உனக்கு நினைவிருக்கும். அவருடைய மச்சான் குவைத்தில் இருந்தார், மற்றக் கடைகளில் இல்லாத சாமான் அங்கே கிடைக்கும். நான் படியேறும்போதே பாய் கேட்டார்:

"வாங்க ஸ்டோர்காரரே. பையனுக்கா, பொண்ணுக்கா? அத மொதல்ல சொல்லுங்க, சாமான அப்பறம் பாக்கலாம்."

"ரெண்டு பேருக்கும்தான் பாய்."

"அல்ஹம்துலில்லா. அப்ப ரெண்டு பக்கமும் யாவாரம்."

அவர் கடையிலும் இரண்டு பக்கம் இருந்தது. இடது பக்கம் பேட்டரி கார், ஜியாமெட்ரி பாக்ஸ், மேசை விளக்கு. வலது பக்கம் சொப்பு, பவுடர் டப்பா, வளையல் ஸ்டாண்டு, கண்ணை மூடித் திறக்கும் பொம்மை. தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம், நிமிர்த்தலாம், மடக்கலாம் என்று அந்த விளக்கைப் பாய் இயக்கிக் காட்டினார். அது உனக்கு. அக்காவுக்குப் பொம்மையும், தாமரைப்பூ மாதிரி மூடி போட்ட ஜீரோ வாட் பல்பும். மேசை விளக்கு ஏன் இடது பக்கத்துச் சாமான் என்று நான் கேட்கவில்லை. இடது பக்கம் இருந்தது, அவ்வளவுதான். நம் குவார்ட்டர்ஸில் அந்த அறைக்கு இருந்தது ஒரே பல்பு. அதையும் கழற்றி, அந்த ஒயரிலிருந்தே உன் விளக்குக்கு ஒரு பிளக்கும், அக்காவின் தாமரைக்கு ஓர் இணைப்பும் கொடுத்தேன். ஆக, அவள் பக்கம் விளக்கு என்பது ஒரு தாமரை. அந்தத் தாமரை வெளிச்சத்தில் தாமரை மட்டும்தான் தெரியும்.

சரக்கு தட்டு மாறினால் எனக்குப் பொறுக்காது என்று உனக்குத் தெரியும். அக்கா சுரங்கத்து மண்மேட்டில் பொறுக்கிய நத்தைக்கல்லை எல்லாம், கல்லாகிப்போன கடல் சிப்பி என்று வாத்தியார் சொன்னாராம், கண்ணாடி மேசையில் பவுடர் டப்பா இருக்கவேண்டிய இடத்தில் பெரிசு சிறிசாக அடுக்கிவைத்திருந்தாள். "இது என்ன கல்லு குடோனா?" என்று அத்தனையையும் வாரிக் கொல்லையில் கொட்டினேன். உன் விஷயம் உனக்கு மறந்திருக்காது, ஆனால் இத்தனை வருஷமாக நாம் பேசியதில்லை. காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்தேன். நீ அக்காவின் பொம்மையை மடியில் போட்டு, அதன் கண் மூடுகிறவரை ஆட்டிக்கொண்டிருந்தாய். மூடியதும் நிமிர்த்துவாய், திறந்துகொள்ளும், மறுபடி ஆட்டுவாய். அக்கா அந்தப் பொம்மையைத் தொட்டதே இல்லை. நான் அதை உன் கையிலிருந்து பிடுங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன். "பொட்டப்புள்ள சாமான் உனக்கெதுக்குடா?" என்று கேட்டேன். நீ அழவில்லை. "சும்மாப்பா, அதுக்குத் தூக்கம் வந்துச்சு" என்றாய். சிரித்துக்கொண்டே ஸ்டோரில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வாரம் ஸ்டோர் கொட்டகையில் எவனோ உன்னைத் தாலாட்டுப் பாடச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நீ ஸ்டோர் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாய். அது என்னால் என்று அப்போதே தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் வேறொன்று நடந்தது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் நான் அந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் கை கண்ணாடியில் இருக்கும். கொஞ்சம் சாய்ப்பாள், கொஞ்சம் நிமிர்த்துவாள், மறுபடியும் சாய்ப்பாள். நீ உன் பக்கத்தில் விளக்கின் தலையை மேலே தூக்கி, நாற்காலியின் ஓரத்தில் விழுகிறாற்போல் உட்கார்ந்திருப்பாய். உன்னை "விளக்கத் திருப்பி விளையாடாத, நேரா உக்காருடா" என்று அதட்டினேன். அவளைச் "சினிமாக்காரி" என்று கூப்பிட ஆரம்பித்தேன். வயசுப் பெண் எந்நேரமும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு தகப்பனுக்கு என்ன தோன்றும்? எனக்குத் தோன்றியது அதுதான். அம்மாவிடம் சொன்னேன். "படிக்கிறாங்க" என்றாள். "மூஞ்சியத்தான் படிக்கிறா" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரிலிருந்து இரண்டு அங்குல ஸ்குரு இரண்டு கொண்டுவந்து, கண்ணாடியின் இரண்டு பக்கக் கட்டையிலும் இறுக்கி முடுக்கிவிட்டேன். கண்ணாடி நட்டுக்குத்தலாக நின்றது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள். புகை, தாளிப்பு, நடுவில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பது. உன் மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கலாம்தான். ஆனால் ஒரு தடவை அவள் புத்தகத்தை அங்கே வைத்ததற்கு, "சீட்டப் பாத்தியா, யார் பேரு இருக்கு?" என்று நான் கேட்டிருக்கிறேன். கணக்கில் ஃபெயில் ஆனாள். எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றுமில்லை. கணக்கில் ஃபெயில் ஆவது நம் குடும்பச் சொத்து, அதை அவளுக்கு நான் எழுதிவைத்திருக்கிறேன் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாடாலூரில் உன் மாமா வீட்டில் வைத்து மருந்து கொடுத்தார்கள், நாற்பது நாள். உன் மேசை காலியாக இருந்தது. அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன். காலியாக இருக்கிற தட்டில் தற்காலிகமாகச் சரக்கு வைப்பது ஸ்டோரிலும் உண்டு. விடியக்காலையில் ஜன்னல் வெளிச்சம், சாயங்காலம் உன் விளக்கு. நீ உடம்பு தேறி வந்து இறங்கியபோது அவள் மறுபடி எழுதவேண்டிய பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. உன் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஒரு கணக்கின் நடுவில் இருந்தாள். "எந்திரி, தம்பி வந்துட்டான்" என்றேன். பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, புத்தகங்களை மார்போடு அணைத்து எழுந்தாள். நீ, "இருக்கட்டும்ப்பா, நான் படுத்துக்கறேன்" என்றாய். "அவனவன் எடத்துல அவனவன் இருக்கணும்" என்றேன். கணக்கில் அறுபத்தெட்டு வாங்கினாள். நாற்பது நாள் மேசைக்கு அறுபத்தெட்டு. அதை இப்போதுதான் இப்படிச் சொல்கிறேன். அன்றைக்குச் சொன்னது, ஒரு தடவை ஃபெயிலான பெண்ணுக்கு எதற்குக் காலேஜ் என்று. பி.யு.சி. விண்ணப்பத் தாளை அவள் மடித்து வைத்துக்கொண்டாள். டைப்ரைட்டிங் போனாள், இருபதாவது வயதில் ஆண்டிமடத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். கண்ணாடி மேசையும் அந்தப் பொம்மையும் சீரோடு சீராகப் போயின.

இதெல்லாம் எனக்கு அப்படியே மறந்துபோயிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மேசையை வாங்கிவர ஆண்டிமடம் போனேன். உன் அக்கா முந்திரி தரம் பிரிக்கும் கொட்டகையை நடத்துவதை நீ வந்து ஒரு தடவை பார்க்கவேண்டும். இருபது பெண்கள் வேலை செய்கிறார்கள், ஒரு பருப்பு தவறான கூடையில் விழுந்தால் அவள் குரல் ரோடு வரை கேட்கிறது. அதை எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டதும் மேசையைக் கொடுக்கச் சம்மதித்தாள். அதன்மேல் ரேடியோவும் எடைக்கல்லும் இருந்தன, அவற்றை எடுத்துக் கீழே வைத்தாள். தேன்மொழியின் உயரத்துக்குக் கண்ணாடி சாயுமா என்று தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

"எந்த மடையன் இதுல ஸ்குரு அடிச்சான்?" என்றேன்.

"மடையன்னு சொல்லாதீங்கப்பா. அவரு எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சவரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கழித்துத்தான் யாரைச் சொல்கிறாள் என்று புரிந்தது. "எதுக்குப்பா அன்னைக்கு அப்பிடி முடுக்குனீங்க? ரொம்ப நாளா கேக்கணும்னு" என்றாள்.

"நீ எந்நேரமும் அதையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தியேம்மா. வயசுப்புள்ள..."

அவள் சிரித்த சிரிப்பில் கொட்டகையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "மூஞ்சியப் பாக்கவா? லைட்டு வாங்கத்தான்ப்பா. தம்பி வெளக்கோட தலைய இப்பிடி நிமித்திக் குடுப்பான். நான் கண்ணாடிய இப்பிடி சாய்ச்சா, பொஸ்தகத்து மேல வட்டமா வந்து விழும். ஒரு பக்கம் படிக்கிற அளவு வட்டம். அடுத்த பக்கத்துக்கு மறுபடி கொஞ்சம் சாய்க்கணும். அவன் தல மறைக்குதுன்னு பாவம் நாற்காலி ஓரத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்."

நான் அந்த மேசையின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே கண்ணாடியில் என் முகம் நட்டுக்குத்தலாகத் தெரிந்தது. வேறு பக்கம் திருப்பலாம் என்றால், அதற்குத்தான் வழி இல்லாமல் செய்துவைத்திருக்கிறேனே.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

யோசித்தேன். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "வெளக்க அவன் பக்கமே திருப்பி வச்சிருப்பேன்" என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டு, அவள் மேசையைத் துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி, பஸ்ஸில் வரும்போது என் பக்கம் நியாயத்தைச் சேகரித்துக்கொண்டு வந்திருப்பேன். மேசையைப் பஸ் கூரையில் ஏற்றி, ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, அரியலூர் வந்து சேருகிறவரை அந்த வட்டம்தான் என் கண்ணில் இருந்தது. ஒரு பக்கம் படிக்கிற அளவு வட்டம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி, "எனக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சா ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "படிக்கிறாங்கன்னு சொன்னேன்ல. நீங்கதான் மூஞ்சியப் படிக்கிறான்னு சொன்னீங்க." அவள் சொன்னது நிஜம்தான்.

செல்வம், உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நீலத்தையும் ரோஸையும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான், நீ அதைப் பார்த்து வளர்ந்தவன். நீ உன் அறையைப் பற்றி எழுதியதைப் படித்தால் சந்தோஷமாக இருந்த ஓர் அறையை எழுதியது போலத்தான் இருக்கிறது. உனக்கு அப்படித்தான் இருந்திருக்கும், ஜன்னல் உன் பக்கம் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பதின்மூன்று வயதில் யாரும் சொல்லித்தராமலே விளக்கின் தலையைத் திருப்பிக் கொடுத்தவன் நீ. என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தவன் நீ. அன்றைக்கு உனக்குத் தெரிந்த விஷயம் இருபத்தாறு வயதில், சொந்த வீடு கட்டிய பிறகு, எப்படி மறந்தது? என்னைப் பார்த்து மறந்தாய் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இத்தனை தாள். மகன் என்பதால் உனக்கு ஒரு புத்தி சொல்லலாம் என்றால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன், அதுவும் நூலைப் பற்றி. அறையில் நூல் பிடிக்காதே. ஒரு தடவை பிடித்துவிட்டால், கோட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வரவேண்டும் என்று யாராவது ஒருவர் தீர்மானித்துத்தான் ஆகவேண்டும். அந்த யாராவது என் மாதிரி ஆளாக இருப்பான்.

பெயிண்ட் அடிக்க நான் வரத்தான் போகிறேன், அதிலிருந்து நீ தப்ப முடியாது. ஆனால் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன். நாலு சுவருக்கும் வெள்ளை. சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு அது ஒன்றாவது ஒழுங்காக வரும். அதற்கு மேல் தேன்மொழியும் குமரனும் கரியோ பென்சிலோ எடுத்து எதையாவது கிறுக்கட்டும், குமரன் மிச்சம் வைத்தால்.

இப்போது லாரியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு மேசையும் இருக்கின்றன. ஒரே பெட்டிப் பலகை, அடியில் தடவிப் பார்த்தால் இரண்டிலும் அந்தக் கம்ப்ரஸர் கம்பெனி எழுத்து பாதிப் பாதியாக இருக்கும். நீல வர்ணத்தையும் ரோஸையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன், என் தோள்பட்டை அதற்குச் சாட்சி. கண்ணாடியில் இருந்த இரண்டு ஸ்குருவையும் கழற்றிவிட்டேன். துரு ஏறி வரமாட்டேன் என்றது, மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறப்போட்டேன். இப்போது விரலால் தொட்டாலே சாய்கிறது. சாயங்காலம் சோதித்தும் பார்த்தேன், உன் விளக்கைத் திண்டில் வைத்து, தலையை நிமிர்த்தி, கண்ணாடியைச் சாய்த்து. அவள் சொன்னபடியே வட்டமாக வந்து விழுந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழைய விளக்கோடு புதிதாக இன்னொரு விளக்கும் வைத்திருக்கிறேன். இதற்காகப் பெரம்பலூர் போனேன். காதர் பாய் இப்போது கடைக்கு வருவதில்லை, மகன்தான் உட்கார்ந்திருக்கிறான். படியேறியதும், "பையனுக்கா பொண்ணுக்காங்க?" என்று கேட்டான், அப்படியே அவன் அத்தா குரல். "படிக்கிறதுக்கு" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து போய்ப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தான்.

உன் மேசையின் இழுப்பறையைத் திற. பிளாஸ்டிக் உறை இல்லாமல் அந்தப் பொம்மை இருக்கும். ஒரு கண்தான் இப்போது மூடுகிறது. நான் ஆண்டிமடத்தில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தேன்மொழிக்கா என்று கேட்டேன். "இல்லப்பா. தம்பிக்குன்னு சொல்லிக் குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். பிடுங்கியதற்கு இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இழுப்பறையில் வைத்திருக்கிறேன். குமரனுக்குத் தூக்கம் வந்தால் அதற்கும் வரட்டும்.

கடைசியாக ஒன்று. மேசைகளைக் கட்டி ஏற்றும்போது டிரைவர், "சார், சீட்டு கட்டலையே, எது யாருக்குன்னு எப்பிடி எறக்குறது?" என்று கேட்டார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது, தகரச் சீட்டு அங்கே எப்போதும் இரண்டு கிடக்கும். எடுத்தேன், மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டேன். முப்பது வருஷத்தில் சீட்டு இல்லாமல் நான் அனுப்புகிற முதல் சரக்கு இது. யாருக்கு எது என்பதை உன் மகள் தரையிலிருந்து எழுந்து வந்து சொல்லட்டும். அதுவரை இரண்டையும் ஜன்னல் பக்கம் போடு.

டிரைவர் இரண்டாவது டீயையும் குடித்து முடித்திருப்பார். போய் இறக்கு. கண்ணாடியைப் பிடிக்கும்போது பார்த்துப் பிடி, இப்போது அது சாய்கிறது.

அப்பா